தரையில் ஊன்றாத கால்

பென்சிலக்கா இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். எப்போதும் சிரித்த முகமாம். சந்தைச் சங்கத்துச் செயலாளர் பெரிய மலர்வளையம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அதையேதான் சொன்னார். அந்த மனிதர் அவளோடு பழகிய இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவள் சிரித்துப் பார்த்திருக்க முடியாது.

அவள் முகத்தில் குடியிருந்தது சுளிப்பு. மூக்கு ஒரு பக்கமாக ஏறி, மேலுதட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு, திரிந்த பாலை மோந்து பார்த்தவள் மாதிரி இருப்பாள். அந்த முகத்தோடுதான் வேலைக்குப் போனாள், சாப்பிட்டாள், படம் வரைந்தாள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு நல்ல முகம் பூசி அனுப்புவது உலகத்து வழக்கம். வேறு யாருக்காவது பூசிக்கொள்ளட்டும். இவளை இருந்தபடி சொல்வதுதான் மரியாதை.

வீட்டு வரைபடம் போட்டுக்கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான அறை. கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவறைக் குழாய். இன்ஜினியர் பின்னால் வந்து நின்று, நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு சொல்லுவார்.

"அந்தக் கிணத்தை எடுத்துடுங்கம்மா."

"கிணறு இருக்கே சார்."

"தரையில இருக்கட்டும். பேப்பர்ல எதுக்கு?"

அவள் எடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடமில்லாத இடுக்கைக் காற்றோட்டமான முற்றமாக்குவாள். சாக்கடை மேல் கட்டிய அறைக்குப் 'படிக்கும் அறை' என்று பெயர் போடுவாள். திங்கள் முதல் வெள்ளி வரை இதுதான் பிழைப்பு. மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே வருவாள். விரலில் அழுக்கு எதுவும் இருக்காது.

கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை. பேசவேண்டியதை எல்லாம் மற்றவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். அதன் பிறகு தம்பி வீட்டு மாடியறை. தம்பி மாட்டுத் தரகன். நல்லவன் என்றுதான் சொல்லவேண்டும். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் கண்விழிப்பான். வாய் நிறையச் சிரிப்பான், அந்த வாயாலேயே கண்ணில்லாத மாட்டைக் கூச்ச சுபாவமுள்ள மாடு என்று விற்பான்.

சனிக்கிழமை மட்டும் அவளுடையது. ஊருக்கு வெளியே சந்தை கூடும் நாள். ஒரு மடக்கு முக்காலி, ஒரு அட்டைப் பலகை, கிளிப்பில் செருகிய தாள்கள், கட்டைப் பென்சில்கள். இவ்வளவையும் தோள்பையில் போட்டுக்கொண்டு விடியும்போதே போய்விடுவாள். வாரம் முழுக்க யாரோ சொல்லும் கோட்டைப் போடுகிறவளுக்கு, யாரும் சொல்லாத கோட்டைப் போட அந்த ஒரு நாள்தான். அது போய்விட்டால் தனக்கென்று எதுவும் மிஞ்சாது என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே அதைத் தொட்டால் சீறுவாள்.

சந்தை அழகாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் காலண்டரில்தான் சந்தையைப் பார்த்திருக்க வேண்டும். மூத்திரமும் மழைத்தண்ணீரும் கலந்த சேறு, அதில் மிதிபட்ட முட்டைக்கோஸ் இலைகள். சாக்கடைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பளபளவென்று அடுக்கிய கீரைக்கட்டுகள். கோழிக்கூண்டுக்குள் செத்த கோழி மேல் உட்கார்ந்திருக்கும் உயிருள்ள கோழி. எச்சில் துப்பிவிட்டு அதே கையால் பழத்தைத் துடைத்து வைக்கிற வியாபாரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒலிபெருக்கியில் செயலாளரின் குரல், சுத்தம் பேணுவோம் என்று.

அவளுக்கு எல்லாமே குமட்டும். குமட்டிக்கொண்டேதான் வரைவாள். "இவ்வளவு அருவருப்பா இருந்தா ஏன் போறீங்க?" என்று தம்பி மனைவி ஒருமுறை கேட்டபோது, "ஆபீஸ்ல எல்லாம் சுத்தமா இருக்கும்மா, அதான்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை.

அவள் வேலை செய்யும் முறையில் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. முதலாவது, எதையும் காலிலிருந்துதான் தொடங்குவாள். மற்றவர்கள் மாடு வரைந்தால் முகத்தில் ஆரம்பிப்பார்கள், கண், கொம்பு, திமில் என்று. மாடு தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். கால்தான் கொஞ்ச நேரமாவது ஓரிடத்தில் நிற்கும். குளம்பு தரையில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, அதன் அடியில் நிழல் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதை முதலில் போட்டுவிட்டால் மேலே உள்ள கனம் தானாக வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும் என்பாள். இரண்டாவது, முக்காலியை விட்டு எழுந்த பிறகு ஒரு கோடு சேர்க்கமாட்டாள். பாதியில் மாட்டை ஓட்டிப் போய்விட்டால் படம் அதோடு சரி. அவளிடம் தலையில்லாத ஆடுகள் ஒரு மந்தையே இருந்தன. எழுவதற்கு முன்னால் ஓரத்தில் கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பிறகு அது முடிந்த கதை.

டீக்கடைக்காரம்மாதான் அவளுக்குப் பென்சிலக்கா என்று பெயர் வைத்தது.

"என்ன பென்சிலக்கா, மாட்டுக்கு வரன் பாக்குறீங்களா? இவ்ளோ உத்துப் பாக்குறீங்க."

"உன் டீயை உத்துப் பாக்குறதுக்கு இது மேல்."

"பாக்காதீங்க, குடிங்க. கண்ணை மூடிட்டுக் குடிச்சா நல்லாத்தான் இருக்கும்."

இவ்வளவுதான் அவளுக்குச் சந்தையில் இருந்த சிநேகம்.

அந்த வருடம் கால்நடைக் கண்காட்சி வந்தது. பந்தல், ரிப்பன், மேடை, கோப்பைகள், சிறந்த பசு, சிறந்த காளை. செயலாளருக்கு எங்கிருந்தோ ஒரு யோசனை பிறந்துவிட்டது. பென்சிலக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க சும்மா மூலையில உக்காந்து வரையறீங்க. இந்தத் தடவை முறையா வரைங்க. உங்களுக்குத் தனி நிழல், நாற்காலி எல்லாம் போட்டுடறேன். போட்டிக்கு வர்ற மாட்டையெல்லாம் அங்கேயே வரைஞ்சு கயித்துல மாட்டுங்க. ஜனங்க பாக்கட்டும்."

"நான் வரையறது மாட்டறதுக்கு இல்லைங்க."

"அட, யாரும் பாக்காம எதுக்கும்மா படம்? தம்பிகிட்ட சொல்லிட்டேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம்."

தம்பிக்குச் சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. அந்தப் போட்டியில் அவனும் ஒரு காளையை இறக்கியிருந்தான். செம்பழுப்பு நிறத்தில், மலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியது போல ஒரு பொலிகாளை. பெரிய பண்ணை ஒன்று அதை இனப்பெருக்கத்துக்கு வாங்கப்போவதாகப் பேச்சு. வீட்டில் கொஞ்ச நாளாகவே காளையைத் தவிர வேறு பேச்சில்லை. கிணற்றடியில் சோப்புப் பெட்டிக்குள் பெரிய ஊசி ஒன்று கிடந்ததைப் பென்சிலக்கா பார்த்தாள். அதைத் தொட்ட கையை நன்றாகக் கழுவினாள், கேட்கவில்லை. மாட்டுக்காரன் வீட்டில் ஊசி இருப்பது அதிசயமா என்ன.

தம்பி முகத்துக்காக ஒத்துக்கொண்டவள், கண்காட்சி நடந்த சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே போய் உட்கார்ந்தாள். தம்பி காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். தரை ஈரமாக, மெத்தென்று இருந்தது. வரைவதற்கு அதைவிட நல்ல தரை கிடையாது. மூன்று குளம்புகள் சேற்றில் நன்றாகப் பதிந்து, ஓரங்களில் மண் பிதுங்கி நின்றது. இடது பின்னங்கால் மட்டும் அப்படி இல்லை. விரலால் சூடு பார்ப்பதுபோல நுனியை வைத்து வைத்து எடுத்தது. அந்தக் குளம்புக்கும் அதன் நிழலுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக்கீற்று. பென்சிலக்கா அந்தக் கீற்றைக் காலியாக விட்டாள். இடுப்பெலும்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது, சரித்தே போட்டாள். கடைசியாகத் தலை. கையெழுத்து. எழுந்தாள்.

மாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தது, போட்டாள். அவ்வளவுதான்.

அவள் அடுத்த மாட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்பதை அவள் பார்க்கவில்லை. காளையின் கால்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பினார்கள். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார்கள். போட்டி நடந்தபோது காளை ராஜநடை நடந்தது. நடுவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், திமிலைத் தட்டினார்கள், கோப்பையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பண்ணை மேனேஜர் மட்டும் சாப்பிடப் போகவில்லை. பல்குச்சியைக் கடித்துக்கொண்டு கயிற்றில் தொங்கிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு நிதானமாகப் போய்க் காளைக்குப் பின்னால் குனிந்து வைக்கோலைக் காலால் விலக்கினார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்து நாற்காலி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, உதட்டோடு நின்றிருந்தது.

"அக்கா, ஒரு சின்ன விஷயம்."

"சொல்லு."

"காளை படத்துல பின்னங்கால் கொஞ்சம் தூக்கின மாதிரி வந்திருக்கு. அதைக் கொஞ்சம் அழுத்தி விட்டுடேன்."

"அது தூக்கித்தான் வச்சிருந்துது."

"சரி, வச்சிருந்துது. மாடுன்னா காலைத் தூக்கும், வைக்கும். நீ வச்ச நேரத்தைப் போடக் கூடாதா?"

"வைக்கவே இல்லடா."

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். "குளம்புக்குள்ள புண்ணு. ஆறிடும்க்கா. நான் என்ன செத்த மாட்டையா விக்கிறேன்? ஊசி போட்டிருக்கு, சாயங்காலம் வரைக்கும் தாங்கும். லாரி ஏறிட்டா அப்புறம் அவங்க பாடு."

சோப்புப் பெட்டி அவள் நினைவுக்கு வந்தது. தானும் அந்தப் பெட்டியிலிருந்துதான் சோப்பு எடுத்து முகம் கழுவினோம் என்பதும்.

"நான் எழுந்துட்டா தொடமாட்டேன். உனக்குத் தெரியும்."

"தெரியும், தெரியும். உன் சட்டம்." அவனுக்குக் கோபம் வரவில்லை. எழுந்து போய்க் கயிற்றிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். அவள் பையிலிருந்தே ஒரு பென்சிலை எடுத்தான். தாளை முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, குளம்புக்கும் நிழலுக்கும் நடுவே இருந்த வெளிச்சத்தை அடைத்தான். கட்டைவிரலால் தேய்த்தான். குளம்போரத்தில் மண் பிதுங்கியதற்கு இரண்டு கோடு. பிறகு சரிந்திருந்த இடுப்பை ஒரே இழுப்பில் நேராக்கினான். அவள் கையெழுத்து இருந்த ஓரத்தை மடித்து, நகத்தால் கீறிக் கிழித்தான்.

அவள் தடுக்கவில்லை. தடுக்க மறந்துபோனாள் என்பதுதான் சரி. ஏனென்றால் அவன் போட்டது நன்றாக இருந்தது. வாழ்நாளெல்லாம் மாட்டுக்காலைப் பார்த்தவனின் கை. அந்தக் காளை இப்போது நான்கு காலிலும் கோயில் தூண் மாதிரி நின்றது. யார் பார்த்தாலும் நம்புவார்கள். அவளுக்கே ஒரு கணம் நம்பத் தோன்றியது.

"இவ்ளோதான் விஷயம்," என்றான் தம்பி. "ஓரம் கிழிஞ்சிருக்கு, கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு."

அதற்குள் மேனேஜரே வந்துவிட்டார், செயலாளரும் கூடவே. தம்பி பதறவில்லை. மேனேஜர் செல்போனில் இருந்த பழைய படத்தைக் காட்டினார், தம்பி கையில் இருந்த புதிய படத்தைப் பார்த்தார், பாராட்டுகிற மாதிரித் தலையாட்டினார். பிறகு மூன்று பேரும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிட்டது. கால் ஊனம் என்று தெரிந்த மாட்டுக்கு எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்தார் மேனேஜர். தம்பி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான். செயலாளருக்குச் சேரவேண்டியது சேர்ந்தது. மூவரும் கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரி மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

"அம்மா, உங்க கை பெரிய கை," என்றார் மேனேஜர். "டாக்டரை வச்சுப் பாத்திருந்தாக்கூட வைக்கோலை விலக்கியிருக்க மாட்டான். உங்களாலதான் இந்த வியாபாரமே முடிஞ்சுது."

"கால் சரியில்லைன்னு தெரிஞ்சும் வாங்குறீங்க."

"எனக்குத் தெரிஞ்சா போதும்மா. என்கிட்ட வாங்குறவனுக்கு எதுக்கு?" அவர் சிரித்தார். "அதுக்குத்தான் இந்தப் படம் வேணும், தம்பி திருத்தினது. பண்ணை ஆபீஸ்ல மாட்டி வைக்கலாம். கீழே ஒரு கையெழுத்து. நேர்ல உக்காந்து பாத்து வரைஞ்சதுன்னு ஒரு வரி."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். யார் முகத்திலும் மிரட்டல் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்வதுபோலத்தான் நின்றார்கள். இன்ஜினியர் நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது அவளுக்கு. வெள்ளிக்கிழமை சனிக்கிழமைக்குள் வந்துவிட்டது.

"இது என் படம் இல்ல," என்றாள். "தம்பி போட்டது. அவன் கையெழுத்துப் போடட்டும்."

குத்திக்காட்டத்தான் சொன்னாள். தம்பி கூனிக் குறுகுவான் என்று எதிர்பார்த்தாள். மேனேஜர் தம்பியைப் பார்த்தார். தம்பி, "நானா?" என்றான். வெட்கப்பட்டான். உண்மையாகவே வெட்கப்பட்டான், பெண் பார்க்க வந்த இடத்தில் பாடச் சொன்ன மாதிரி. பிறகு பென்சிலை வாங்கி, கொஞ்சம் யோசித்து, அழகாகப் போட்டான். போட்டுவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் செயலாளர் அறிவித்தார், அக்காவும் தம்பியுமாகக் கலைக்குடும்பம் ஒன்று நமது சந்தைக்குக் கிடைத்திருக்கிறது என்று. இருவரையும் மேடைக்கு அழைத்தார். தம்பி போனான். பென்சிலக்கா லாரி நிற்கும் பக்கம் நடந்தாள். ஊசியின் வேகம் இறங்கிவிட்டிருந்தது. பலகைச் சரிவில் ஏறமுடியாமல் காளை நின்றது. ஒருவன் வாலை முறுக்கினான், ஒருவன் விலாவில் குத்தினான். அது வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்க, மூன்று காலில் ஏறியது. அவள் பையைத் திறக்கவில்லை. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

வீட்டில் தம்பி மனைவி சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஒரு கையெழுத்துதானே அண்ணி. போட்டிருந்தா என்ன குறைஞ்சுடப் போகுது?"

"குறையாது."

"பின்ன?"

"நான் ஆபீஸ்ல நிறையப் போட்டாச்சும்மா. கை வலிக்குது."

"அக்காவை விடு," என்றான் தம்பி, வாயில் சோற்றோடு. "அதுக்கு எல்லாத்துலயும் ஒரு சுளிப்பு. சின்ன வயசுலயே அப்படித்தான். பால்ல ஏடு இருந்தாக் குடிக்காது." பாசமாகத்தான் சொன்னான். அவளுக்குப் பிடிக்குமென்று கருவேப்பிலையை ஒதுக்கிவிட்டுப் பொரியலை அவள் தட்டில் தள்ளினான். திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பண்ணையில் மாட்டினார்களோ என்னவோ, அடுத்த மாதமே அந்தப் படம் பெரிய பேனராகச் சந்தை வாசலில் தொங்கியது. நான்கு தூண் கால்கள். கீழே தம்பி கையெழுத்து, தொலைபேசி எண்.

அதுவரை வந்தது பாதி அருவருப்பு. மீதி அதற்குப் பிறகு வந்தது.

கதை எப்படியோ கசிந்துவிட்டது. பென்சிலக்கா முக்காலியைப் போட்டால் அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மாடு வாங்க வந்தவர்கள். மூச்சு அவள் கழுத்தில் படும், வெற்றிலையும் பீடியும் கலந்த மூச்சு. அவள் குளம்பைப் போடுவதைப் பார்ப்பார்கள், ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள், போய் விலையைக் குறைப்பார்கள். யாரும் மோசமான மாட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகவில்லை. குறைந்த விலைக்கு வாங்கி, அடுத்த சந்தையில் நல்ல விலைக்குத் தள்ளினார்கள்.

"பென்சிலக்கா பக்கத்துல நின்னா டாக்டர் செலவு மிச்சம்," என்று டீக்கடைக்காரம்மாவே சொன்னாள். "நீங்க பேசாம ஒரு போர்டு வச்சுடுங்கக்கா."

"நீ வேற."

"நெஜமாத்தான். என் வீட்டுக்காரரையும் ஒரு தடவை வரைஞ்சு குடுங்க, எங்க பழுதுன்னு பாத்துக்கறேன்."

விற்கிறவர்கள் வேறு வழியில் வந்தார்கள். முக்காலி பக்கத்தில் யாரோ ஒரு பை கத்திரிக்காய் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். "நம்ம பசுவைக் கொஞ்சம் நல்ல மனசோட பாருங்கக்கா" என்று தூரத்திலிருந்து கையசைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நறுக்கினால் பாதி காய் புழு. லஞ்சத்தைக்கூட இவர்களால் ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை என்று தொட்டியில் கொட்டினாள்.

ஒரு சனிக்கிழமை ஒல்லியான ஆள் ஒருவன் ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றான். வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பசு அவனைவிட ஒல்லி. அவள் பென்சிலை எடுத்ததும் அவன் இரண்டு கையையும் கூப்பினான். வேண்டாம் என்று.

அவள் பலகையைக் கவிழ்த்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் நின்றவன் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "அக்கா பாக்கமாட்டேங்குது பாரு. அப்ப அந்தப் பசுவுல என்னமோ இருக்கு."

ஒல்லி ஆள் அன்று பசுவை விற்கவே முடியவில்லை. சந்தை கலையும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவளைக் கடந்து போனான். திட்டவில்லை, துப்பினான். அது சேற்றில்தான் விழுந்தது.

பார்த்தாலும் காசு, பார்க்காவிட்டாலும் காசு. அவள் கண்ணையே மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோலப் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். இனி இந்தச் சந்தையில் விலையுள்ள எதையும் வரைய முடியாது என்பது அவளுக்கு அன்று தெளிந்தது. வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தாள். அடுத்த சனிக்கிழமை இருந்தும் பார்த்தாள். தம்பி மனைவி தொலைக்காட்சியை ஓடவிட்டு, "இதைப் பாத்து வரைங்க அண்ணி, எவ்ளோ சுத்தமா இருக்கு" என்றாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை பலகையோடு கிளம்பினாள். மாட்டுப் பக்கம் திரும்பவில்லை. காய்கறிக் கடைகளைத் தாண்டி, கோழிக் கடைகளைத் தாண்டி, சந்தையின் கழிவு எல்லாம் வந்து சேரும் பின்மூலைக்குப் போனாள். அழுகிய தக்காளிக் குவியல், அதன் அடியிலிருந்து கசிந்து ஓடும் சிவப்புத் தண்ணீர். கோழிக் குடல். உடைந்த கூடைகள். ஈக்கள் ஒரு கறுப்புப் போர்வையாக எழுந்து எழுந்து உட்கார்ந்தன. மூக்கு ஏறியது, உதடு இழுத்துக்கொண்டது. முக்காலியைப் போட்டாள். குவியல் தரையைத் தொடும் இடத்தில் தொடங்கினாள்.

வழக்கமான இரண்டு பேர் அங்கேயும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, இதுல என்ன இருக்கு?"

"அழுகின தக்காளி."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ளயும் அழுகின தக்காளிதான்."

கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு நின்றார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். அன்று முழுக்க அவள் கழுத்தில் யார் மூச்சும் படவில்லை. குப்பைக்குப் பேரம் பேச யாரும் வரவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளும் அங்கேயேதான். குடலை இழுத்துக்கொண்டு ஓடும் நாய், பிதுங்கிய பூசணிக்காய், சாக்கு மூட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செத்த ஆட்டின் கால். நாற்றத்தில் தலை வலிக்கும், வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளிப்பாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது விரலைத் துடைத்துக்கொள்வது நின்றுபோயிருந்தது. இப்போதுதான் விரலில் நிஜமாகவே அழுக்கு இருந்தது.

செயலாளருக்குத் தகவல் போயிற்று. ஒருநாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

"என்னம்மா இது. வரையறதுக்கு வேற எடமே கிடைக்கலையா?"

"இது நல்லா இருக்கு."

"இதை யாருக்குக் காட்டப் போறீங்க?" அவர் கண் அவள் பலகையிலேயே இருந்தது. "சுகாதார ஆபீஸுக்கு ஏதாவது..."

"யாருக்கும் இல்லைங்க."

"யாருக்கும் இல்லாம எதுக்கு வரையணும்?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. புரியாததால் பயந்தார். "என்ன வேணும்னு சொல்லுங்க, பேசித் தீத்துக்கலாம். பழைய மாதிரி நாற்காலி, நிழல் எல்லாம் போட்டுத் தர்றேன்."

அவள் ஆட்டுக்காலின் நிழலைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பின்மூலைக்குப் போனபோது குவியல் இல்லை. சந்தை உண்டான நாளிலிருந்து யாரும் தொடாத அந்த இடத்தைச் சுத்தமாகப் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, துவைத்து விரித்த வேட்டி மாதிரி கிடந்தது. நடுவில் ஒரு பலகை, இங்கே குப்பை கொட்டாதீர் என்று. பவுடர் நெடி மூக்கில் ஏறியது, பழைய நாற்றத்தைவிட அது மோசமாக இருந்தது.

எங்கே கொண்டுபோய்க் கொட்டியிருப்பார்கள்? இவ்வளவு பெரிய சந்தையின் அழுகல் எங்காவது இருந்துதான் ஆகவேண்டும். அவள் முக்காலியை மடித்தபடியே நின்றாள். குடலுக்குப் பழகிய நாய் வழக்கம்போல வந்தது. வெள்ளைத் தரையின் ஓரத்தில் நின்று மோந்து பார்த்தது. தும்மியது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, எதையோ பிடித்துவிட்ட மாதிரி, வேலி இடுக்கில் நுழைந்து வாய்க்கால் பக்கமாக ஓடியது.

பென்சிலக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நாய் போன பக்கம் நடந்தாள்.